பட்டுப்பூச்சி என்ன தின்னும்?

எனக்கு வயது அறுபத்து நான்கு. தம்பியையும் சேர்த்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். இன்று ஐப்பசி மழை விட்டதும், பேத்தி கயல் ஈர மண்ணில் ஊர்ந்த சிவப்புப் பட்டுப்பூச்சி ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி வந்து, "அப்பத்தா, இது என்ன திங்கும்?" என்றாள்.

எனக்குப் பத்து வயதில் தம்பியும் இதையேதான் கேட்டான். கீழக்குயில்குடி மலையடியில் பிடித்த பூச்சியைத் தீப்பெட்டியில் புல்லோடு வைத்துக்கொண்டு, "அது தின்னாத்தேன் நான் திம்பேன்" என்று கஞ்சியைத் தள்ளிவிட்டான். காய்ச்சல் விட்டு எழுந்த பிள்ளை, எனக்குப் பயம். வெயில் சாயும்வரை இருவரும் குனிந்து பார்த்தோம். பூச்சி புல்லைத் தொடவே இல்லை. அவன் திரும்பிய நேரம் புல்நுனியை நகத்தால் கிள்ளிவிட்டு, "அடேய், கடிச்சிருச்சு பாரு!" என்றேன். "அம்புட்டையுமா?" என்று புல்நுனியைப் பார்த்தவன் கஞ்சி முழுவதையும் குடித்தான்.

அது என்ன தின்னும் என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தத் தம்பி இப்போது கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான். கயலு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதைச் சத்தமாக வாசி, அவனுக்கும் கேட்கட்டும்.