பெயரைப் பார்க்காத டாக்டர்

கே.கே. நகரில் ஒரு மருத்துவமனை லேபில் மைக்ராஸ்கோப் பார்க்கும் டாக்டர் அவர். ஒல்லியான ஆள், மூக்கில் கண்ணாடி அழுத்திய தழும்பு. ஸ்லைடில் பெயர் எழுதிய ஓரத்தைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பார்ப்பார். கண்ணாடிக் கதவு வழியே நானே பார்த்திருக்கிறேன்.

என் நாலு வயது மகளுக்கு வயிற்றில் புற்றுநோய்க் கட்டி. அன்று காலை இரண்டு இடுப்பெலும்பிலும் மஜ்ஜை எடுத்திருந்தார்கள். மதியம் அவர் டீ குடிக்க வெளியே வந்தபோது, பயம் தாங்காமல் மறித்தேன்.

"கட்டி வயித்துலதான சார்? எலும்புல எதுக்குத் தேடுறீங்க?"

"அந்த செல்லு ரத்தத்தோட மஜ்ஜைக்குப் போயிரும்மா. போனா சும்மா இருக்காது. அங்க இருக்குற நல்ல செல்லையே தனக்கு ஒத்தாசை பண்ண வச்சிரும்."

"நல்லது எதுத்து நிக்காதா?"

"பக்கத்துலயே இருந்து பழகிரும்மா. அதான் ஒரு பக்கம் சுத்தமா இருந்தாலும் நாங்க நம்புறதில்ல."

தன் அப்பாவின் தோளிலிருந்த என் மகள், பாதி பிஸ்கட்டை அவரிடம் நீட்டினாள். வாங்கித் தின்றார். பெயர் கேட்டார். உள்ளே போனவர் உடனே திரும்பி வந்தார்.

"இன்னைக்கு மஜ்ஜை எடுத்தது இந்தப் பாப்பாவுக்கு மட்டுந்தாம்மா. பேர மறைச்சாலும் யாரோடதுன்னு தெரிஞ்சிரும். முகம் தெரிஞ்சா கண்ணு நல்லதையே தேடும். இன்னொரு டாக்டரப் பாக்கச் சொல்லிட்டேன்."

"அப்ப நீங்க?"

என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எத்தனையோ ஸ்லைடு பார்த்தவரின் கால், லேப் கதவு திறக்கும்வரை ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பயம் கூடியதா குறைந்ததா, இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.