கோட்டு குடித்த கஞ்சி

யுத்தக் காலம். பிரேசர் டவுனில் குடியிருந்த ஓஸ்வால்டு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கும் ஒரு பேண்டில் கிளாரினெட்காரர். காலையில் கண் விழிக்கும்போதே நாள் முழுக்க மூட்டை தூக்கியவர் போல ஓய்ந்திருப்பார். அதோடு உதட்டின் இரண்டு ஓரமும் வெடித்து, ஆறுவதும் பிளப்பதுமாக இருந்தன. கிளாரினெட்டைக் கவ்வினால் ரத்தம் கசியும். வாய் மூடாது. காற்று ஓரத்தால் ஓடிவிடும்.

பேண்டு மாஸ்டர் ஹெர்பர்ட் எல்லார் எதிரிலும் கேட்டார்: "ஏன்யா, இது கிளாரினெட்டா, பஞ்சர் ஆன சைக்கிள் டயரா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஓஸ்வால்டும் சிரிக்கப் பார்த்தார். வலித்தது.

"ஈஸ்டர் வரைக்கும் தபசு காலம், கல்யாணம் கெடையாது, நல்லா ரெஸ்ட் எடு. ஈஸ்டர் முடிஞ்சி மொத கல்யாணத்துலயும் காத்து ஒழுகிச்சின்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

மனைவி பெர்னதெத் அவரை டாக்டர் ஸ்ரீகண்டனிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். அது கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது.

"என்ன சாப்பிடறீர்?"

"சோறு, ரசம் டாக்டர்."

"ரேஷன் அரிசி நாறுதுங்க," என்றாள் பெர்னதெத். "தண்ணி தெளியற வரைக்கும் கழுவிக் கழுவித்தான் வடிப்பேன்."

"வடிச்ச கஞ்சி?"

"இவரு பேண்டு கோட்டுக்குப் போடுவேன். வெறப்பா நிக்கலைன்னா மாஸ்டர் கத்துவாரு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அப்போ சத்தைக் கோட்டு குடிக்கறது, சக்கையை இவர் சாப்பிடறார்! அம்மா, சோத்தைப் பலமா மாத்தறதுக்கு உடம்புக்குச் சில சத்து வேணும். துளிதான் வேணும், ஆனா அது இல்லேன்னா எவ்வளவு சாப்பிட்டாலும் அசதிதான், புண்ணுதான். உடம்பு தானா அதைப் பண்ணிக்காது. மில் அரிசியில இருக்கறதே கொஞ்சம், அதையும் தண்ணியில விட்டுடறேள். வடிக்காதீங்கோ. ஈரல் சாப்பிடலாம்."

"தபசு காலத்துல கறி தொடமாட்டோம் டாக்டர்."

"சரி, கீரை, வேர்க்கடலை, ராகி. உடனே ஆறாது. பொறுமையா இருக்கணும்."

ராகிக் களி ஓஸ்வால்டுக்குத் தொண்டையில் இறங்கவே இல்லை. பாவம் மனுஷன், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்! தினமும் கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து பார்ப்பார். ஈஸ்டர் வருவதற்குள் பிளவு மூடியது. தோல் மட்டும் மெல்லிசாக, பயமுறுத்திக்கொண்டே இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெர்னதெத் கோட்டும் கையுமாக நின்றாள்.

"ஒரு நாளு வடிச்சா இன்னாங்க ஆயிடும்? துணி தொவண்டு கெடக்குது."

ஒன்றும் ஆகாதுதான். அவருக்கும் தெரியும். ஆனாலும் விரல் தானாக உதட்டோரத்தைத் தொட்டது.

"வேணாம், விடு."

மறுநாள் ஹெர்பர்ட் அந்தக் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாய்யா இது, மழையில நனைஞ்ச காக்கா மாதிரி? போ, டிரம்முக்குப் பின்னால நில்லு. பொண்ணு வூட்டுக்காரங்க கண்ணுல படாத!"

யார் கண்ணிலும் படாமல்தான் வாசித்தார். தோல் இழுத்தது, எரிந்தது. ஆனால் காற்று ஒரு பொட்டுகூட ஒழுகவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் கோயில் வாசலில் இறங்கும்போது எழுந்த அந்த நீண்ட சுரம் கடைசி வரை உடையாமல் நின்றது!

ஹெர்பர்ட் திரும்பிப் பார்த்தார். பாராட்டவில்லை. "அடுத்த கல்யாணத்துக்கு வா. கோட்டுக்குக் கஞ்சி போட்டுட்டு வா."

வீட்டுக்கு வந்து ஓஸ்வால்டு மாஸ்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அசதி இன்னும் முழுசாக விடவில்லை. பெர்னதெத் கோட்டைக் கழற்றி வாங்கினாள்.

"மாஸ்டர் கஞ்சி போடச் சொல்றாரே. இதுக்கு இன்னா பண்றது?"

"அது பட்டினி கெடக்கட்டும்," என்றார். "நீ சோத்தப் போடு."