அப்பா திருத்திய படம்

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இருபத்தைந்து வருடமாக அதே வேலை. எந்தக் கட்டடத்தின் லிஃப்ட் எந்த மாடியில் முனகும், எதன் கதவு சண்டித்தனம் செய்யும் என்று அவரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். யாராவது பாதியில் மாட்டிக்கொண்டால் ஓட்டமாக ஓடிப் போய், முதலில் கதவில் வாயை வைத்துப் பேசுவார். "பயப்படாதீங்க. நான் வந்துட்டேன். கீழயெல்லாம் விழாது, அப்படியே தரையில உக்காருங்க, வீட்ல எத்தனை பேருன்னு சொல்லுங்க." உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் கதவு திறக்கும்போது அவரிடம் தங்கள் குடும்பக் கதையைப் பாதி சொல்லி முடித்திருப்பார்கள். அப்படி ஒரு பக்குவமான மனிதர்.

கம்பெனியில் அவருக்கு 'ஆர்ட்டிஸ்ட்' என்று பெயர். கிண்டல் பாதி, மரியாதை பாதி. இருபத்தாறு வயதில் லிஃப்ட் குழிக்குள் கால் தவறி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த கூட்டாளி ஒருவர் என்ன வாங்குவது என்று தெரியாமல், குழந்தைகள் வைத்திருக்கும் வண்ணப்பெட்டி ஒன்றை வாங்கி வந்து கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனார். பொழுது போகாமல் ஆரம்பித்தது அது. கால் கூடிவிட்டது, பழக்கம் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் சாப்பாட்டு மேசைமேல் பழைய பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிடுவார். அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் தரையில்தான் சாப்பாடு. ஒரு புகைப்படத்தை எடுத்து, அதன்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுவார். அட்டையிலும் அதே கணக்கில் கட்டம். பிறகு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பார்த்து இறக்குவார். அண்ணன் தம்பி, மேனேஜர், மேனேஜருடைய மாமியார், பக்கத்து வீட்டு நாய் வரை அவர் வரையாத முகம் இல்லை. கல்யாணமா, பணி ஓய்வா, அவர் கையில் ஒரு படம் இருக்கும். வாங்கியவர்கள் "அச்சு அசலா இருக்கு" என்பார்கள். மனைவி, தட்டைத் துடைத்துக்கொண்டே, "நல்லா இருக்குங்க" என்பாள். அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரும் எதிர்பார்த்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரே மகள். வீட்டில் 'குட்டி'. ஐந்து வயதில் அவர் பக்கத்தில் முட்டி போட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கிறுக்க ஆரம்பித்தவள். அவர் கட்டம் போடக் கற்றுக் கொடுத்தார். ஒன்பது வயதில், "அப்பா, கட்டம் போட்டா எனக்கு மூஞ்சி தெரிய மாட்டேங்குது" என்று ரப்பரால் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். அவர் சிரித்தார். பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட்டார். பதினைந்து வயதில் அவள் நோட்டின் கடைசிப் பக்கங்களிலும் ரசீதுகளின் பின்பக்கத்திலும் வரைந்தவை வீடெங்கும் கிடந்தன. வாயைப் பிளந்து தூங்கும் அம்மா. மளிகைக் கடைக்காரரின் முதுகு. கைப்பேசியை ரகசியம்போல் காதில் ஒட்டிக்கொண்டு பேசும் மாடிவீட்டு அக்கா. நாலு கோடுதான் இருக்கும், ஆனால் ஆள் அங்கே நிற்பார். அவர் அவற்றைக் குனிந்து பொறுக்கி, பார்த்து, "காது எங்க?" என்று கேட்டுவிட்டு மேசைமேல் வைப்பார்.

பள்ளியில் புதிதாக வந்த ஓவிய டீச்சர், பல பள்ளிகள் சேர்ந்து நடத்தும் கண்காட்சிக்குப் பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தாள். 'வீட்டில் ஒருவர்' என்று தலைப்பு. குட்டி மூன்று வாரம் பள்ளியிலேயே உட்கார்ந்து, பென்சிலும் கரியுமாகப் பெரிய தாளில் ஒரு படம் வரைந்தாள். டீச்சர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, "இனிமே இதுல கை வைக்காத. பேரை மட்டும் எழுதிக் கொடு" என்றாள். "அப்பாகிட்ட ஒரு தடவை காட்டிட்டுத் திங்கக்கிழமை கொண்டு வந்துடறேன் மிஸ்" என்று கேட்டு வாங்கி, வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் யாரும் இடிக்காமல் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

படத்தில் இருந்தது அவர்தான். பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஞாயிற்றுக்கிழமை மேசையில். நாக்கின் நுனி பல்லிடுக்கில். தொப்பை இரண்டாக மடிந்து, கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கி, ஒரு தோள் சரிந்து, ஒரு பாதம் இன்னொன்றின்மேல் ஏறி. முன்னால் இருந்த அட்டை அவரைவிடப் பெரிதாக நின்றது. அதன்மேல் அவர் குனிந்திருந்த விதம், கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவரிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

மனைவி பார்த்த மாத்திரத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அய்யோ, அப்படியே நீங்கதாங்க! அந்தக் காலப் பாருங்களேன், காலை!"

குட்டி படத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். "ஆனா கை சின்னதாப் போயிடுச்சு. தோள் ஒண்ணு மேல, ஒண்ணு கீழ."

"நீ அப்படித்தாம்ப்பா உக்காருவ."

"எவனாவது இப்படி உக்காருவானா?"

"நீ உக்காருவ" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று சுருக்கென்று தைத்தது. தொப்பையும் நாக்கும் அல்ல. இருபது வருடமாக எத்தனை முகங்களை வரைந்திருக்கிறார், ஒன்றையாவது பார்த்து மனைவி இப்படிச் சிரித்திருக்கிறாளா? இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, "வெயில்ல அலைஞ்சது" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

மறுநாள் அம்மாவும் மகளும் சித்தி வீட்டுக்குப் போனார்கள். அவருக்கு அரைநாள் வேலை. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, கை கழுவி, படத்தின் முன்னால் போய் நின்றார். தோளை மட்டும் சரிசெய்யலாம் என்றுதான் ரப்பரை எடுத்தார். இதைச் சத்தியம் செய்து சொல்வார், அது உண்மையும்கூட. தோளை நிமிர்த்தியபின் கை பொருந்தவில்லை. கையை வளர்த்தார். கை வளர்ந்தபின் தலை சின்னதாகத் தெரிந்தது. நாக்கை அழித்து வாயை மூடினார். கண்ணாடியை இருக்க வேண்டிய இடத்தில் ஏற்றி வைத்தார். தொப்பையைப் பாதியாகக் குறைத்து, பனியனுக்குக் காலர் வைத்துச் சட்டையாக்கினார். மேசை விளிம்புக்கு ஸ்கேல் வைத்தார். நாலு மணிக்குப் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தபோது, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க உட்கார்ந்த மாதிரி ஒரு கௌரவமான ஆள் தாளில் இருந்தார். பிள்ளைக்கு ஒரு உதவி செய்த திருப்தியோடு டீ போட்டுக் குடித்தார்.

முதலில் பார்த்தது மனைவிதான். "என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?" அவள் கையிலிருந்த பை கையிலேயே இருந்தது.

"கண்காட்சின்னா நாலு பேர் பாப்பாங்கல்ல. தப்பு கண்ணுல படக் கூடாது. சின்னச் சின்னதா சரி பண்ணினேன், அவ்வளவுதான்."

குட்டி கிட்டே வந்து பார்த்தாள். போய்க் கை கால் கழுவிவிட்டு, திரும்ப வந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"எவ்வளவு நேரமாச்சு இதுக்கு?"

"ஒரு ரெண்டு மணி நேரம்."

"எனக்கு மூணு வாரம் ஆச்சு" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கி அறைந்திருந்தால் அவரும் ஒரு சத்தம் போட்டிருப்பார், விஷயம் முடிந்திருக்கும். கதவு சத்தமில்லாமல் மூடியது.

செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. வேலைச் சட்டையில் கிரீஸ் கறையோடு போய் நின்றார். ஓவிய டீச்சருக்கு மிஞ்சிப் போனால் இருபத்தெட்டு வயது இருக்கும். மேசைமேல் அவர் திருத்திய படத்தை விரித்து, பக்கத்தில் கைப்பேசியை வைத்தாள். கைப்பேசித் திரையில் வெள்ளிக்கிழமைப் படம். இரண்டையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளங்கை அளவு திரையில் ஒரு ஆள் உயிரோடு உட்கார்ந்திருந்தான். மேசைமேல் கிடந்தது அவனுடைய பிணம்.

"சார், இதுல யாரோ பெரியவங்க கை பட்டிருக்கு. வெளியாள் உதவி இருந்தா கண்காட்சில எடுத்துக்க மாட்டாங்க. வீட்ல யாராவது வரைவாங்களா?"

குட்டி ஜன்னலோரம் நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. "நான்தாங்க" என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. சட்டையில் கறை, எதிரே தன்னைவிட இருபது வயது சின்ன டீச்சர், திறந்த கதவுக்கு வெளியே இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள்.

"இல்லீங்க" என்றார். "அவளேதான் ஏதோ மாத்திட்டு இருந்தா."

டீச்சர் அவளிடம் திரும்பினாள். "அப்படியாம்மா?"

"ஆமா மிஸ். நான்தான்."

அப்புறம் டீச்சர் பேசியதெல்லாம் குட்டியிடம். சொன்ன பேச்சைக் கேட்க வேண்டாமா, உனக்கே உன் கைமேல் நம்பிக்கை இல்லையென்றால் நான் என்ன செய்ய, இவ்வளவு அருமையான ஒன்றை உன் கையாலேயே கெடுத்துவிட்டாயே என்று, கோபத்தைவிட வருத்தமாக. குட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவரும் பக்கத்தில் நின்று, பொறுப்பான அப்பா போல், ஒரு தடவை தலையாட்டிவைத்தார். வேறொரு பிள்ளையின் படம் கண்காட்சிக்குப் போனது.

ஸ்கூட்டரில் வழக்கமாக அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அன்றைக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிக்னலில் நின்றபோது அவர் தலையைப் பாதி திருப்பி, "அந்த டீச்சர் ஓவராத்தான் பேசறா, இல்ல?" என்றார்.

"சிக்னல் விழுந்துருச்சுப்பா. போங்க."

'போங்க' என்றது அப்போது அவர் காதில் ஏறவில்லை. இரண்டு மாதம் கழித்து அவருடைய அக்கா வந்து ஒரு வாரம் தங்கினாள். கிளம்பும்போது, "உன் பொண்ணுக்கு இப்பதான்டா மரியாதை வந்திருக்கு. முன்னெல்லாம் நீ, வா, போன்னு பேசிட்டுத் திரியும். இப்ப வாய் நிறைய 'நீங்க நீங்க'ங்குது" என்று மெச்சிக்கொண்டாள். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எப்போது, யார் சொல்லி என்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை.

வீட்டில் கிறுக்கல் தாள்கள் கிடப்பது நின்றுபோனது. ரசீதுகளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பென்சில், கரி எல்லாம் ஒரு தோழி வீட்டுக்குப் போய்விட்டதாக மனைவி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவர் பிளாஸ்டிக் விரிப்பை எடுக்கும் நேரத்தில் குட்டிக்கு எங்காவது ஒரு வகுப்பு இருக்கும்.

அவளுக்கு வருடாந்தரப் பரீட்சை நெருங்கிய சமயம், ஒரு மாலையில் அவர் அவளுடைய அறை வாசலில் போய் நின்றார்.

"அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்மா."

"எதைப்பா?"

தெரியாமல் கேட்கவில்லை. அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தாள்.

"படத்தை... நான்தான்னு."

"ஆமா. சொல்லியிருக்கணும்."

"நாளைக்கே போய் டீச்சர்கிட்ட சொல்லிடட்டுமா?"

"அவங்க வேற ஸ்கூலுக்குப் போயிட்டாங்கப்பா. ஜனவரியிலயே." கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள். "கதவைச் சாத்திட்டுப் போறீங்களா? டிவி சத்தம் கேக்குது."

அதற்குமேல் மன்னிப்புக் கேட்க எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பலநாள் ஒத்திகை பார்த்ததெல்லாம் இந்த நாலு வார்த்தையில் தீர்ந்துபோயிருந்தது. சில நாள் கோபம்கூட வந்தது. அப்படி என்ன கொலையா செய்துவிட்டேன், அவள் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று கட்டட மொட்டைமாடியில் மோட்டாருக்கு எண்ணெய் விட்டபடி தனக்குத்தானே வாதாடுவார். வாதத்தில் அவர்தான் ஜெயிப்பார். வீட்டுக்கு வந்தால், "சாப்பிட்டீங்களாப்பா?" என்று அவள் மரியாதையாகக் கேட்பாள்.

கல்லூரிக்கு வெளியூர் போனாள். ஃபோனில் அம்மாவிடம் ஒரு மணி நேரம், அவரிடம் ஒரு நிமிடம். கால் வலி எப்படி இருக்கு, மாத்திரை போடுறீங்களா, வைக்கட்டுமா. மூன்றாம் வருடத்தில் அவளும் நான்கு நண்பர்களும் சேர்ந்து, ஒரு புத்தகக் கடையின் மாடியில் தங்கள் படங்களை வைத்தார்கள். "அம்மா, நீ வா" என்று அழைத்திருந்தாள். அம்மா தனியாக ரயிலேற மாட்டாள் என்பது அவளுக்கும் தெரியும். அதனால் அவரும் போனார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

சின்ன அறை. ஒரு சுவர் முழுக்க அவளுடையது. அம்மா நாலு படத்தில் இருந்தாள். விடுதிச் சமையல்காரி, டிக்கெட் பரிசோதகர், மாடிவீட்டு அக்கா, மளிகைக் கடைக்காரர் எல்லோரும் இருந்தார்கள். அந்த ஓவிய டீச்சர்கூட இருந்தாள், புருவத்தை உயர்த்திக்கொண்டு. அவர் இடமிருந்து வலமாக ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, வேறெதையோ பார்ப்பதுபோல், வலமிருந்து இடமாக இன்னொரு சுற்று.

"தண்ணி குடிக்கிறீங்களாப்பா?" என்று குட்டி ஒரு பாட்டிலைக் கொண்டு வந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தார். "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்றார். "தேங்க்ஸ்ப்பா" என்றாள். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

திரும்பும் ரயிலில் மனைவி வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, திரும்பாமலே கேட்டாள்.

"உங்களைப் போடலையேன்னு தேடுனீங்களா?"

"சேச்சே" என்றார் அவர். "அந்த ரூம்ல வெளிச்சம் பத்தலை. அதான் கிட்ட போய்ப் பாத்தேன்."

அவள் பையைத் திறந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தில் ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.