தங்கச்சிக்கு முன்னால் பால் காய்ச்சிய வீடு

வோபர்ன் என்ற ஊரில் பழைய சப்பாத்துத் தொழிற்சாலை ஒன்றை இடிக்காமல், உள்ளே பிரித்து வீடுகளாக்கினார்கள். நிலம் நீண்ட குத்தகையில் இருந்ததால் விலை கொஞ்சம் குறைவு. நானும் கணவரும் இரண்டாம் மாடியில் ஒன்று வாங்கினோம். அதைக் கேள்விப்பட்டு என் தங்கச்சியும் வாங்கினாள். நேரே எங்களுக்கு மேலே, அதே அளவு, அதே அறைகள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எல்லாம் நன்றாக அமைந்துவிடுகிறது என்ற எண்ணம் எனக்கு. தலைமயிர், மாப்பிள்ளை, வேலை. வீட்டிலாவது நான் முந்தவேண்டும் என்று, சாவி கிடைத்த மறுநாளே பால் காய்ச்சினேன். அவள் குடிவர ஆறு கிழமை எடுத்தது. ஏன் இழுக்கிறாய் என்று கேட்டதற்கு, "கொஞ்ச வேலையள் கிடக்கு அக்கா" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

என் சந்தோஷம் முதல் குளிப்போடு போனது. தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் பாத்ரூம் கதவடிக்கு வந்தது. படுக்கையறைக் கதவு சாத்தினால் கொளுவாது. அடுப்புக்கு மேலிருந்த விசிறி பெரிய சத்தம் போடும், ஆனால் மீன் பொரித்த மணம் மூன்று நாளைக்கு வீட்டிலேயே நிற்கும். குளிர் தொடங்கியதும் யன்னல் ஓரத்தால் காற்று வந்து திரைச்சீலையை ஆட்டியது. கணவர் துவாயைச் சுருட்டிப் பாத்ரூம் கதவடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார்.

இவற்றைவிட என்னை வாட்டியது மேல்வீடு. தங்கச்சியின் கதவுகள் தொட்டதும் சாத்தின. அவள் மீன் பொரித்தால் மணமே தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு போன் வந்து அறைக்குள் போன நேரம், மேசையிலிருந்த தேசிக்காய் ஒன்றை எடுத்து நிலத்தில் வைத்தேன். எங்கள் வீட்டில் அது உருண்டுபோய்ப் பல்கனிக் கதவில் முட்டும். இங்கே வைத்த இடத்திலேயே இருந்தது. முழங்காலில் நின்று, இன்னொரு மூலையிலும் வைத்துப் பார்த்தேன்.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

வேறு வழியில்லை. "உன்ரை நிலம் மட்டும் எப்பிடியடி இவ்வளவு நேராக் கிடக்கு?" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

அவள் சிரிக்கவில்லை. லாச்சியைத் திறந்து ஒரு கட்டுக் கடதாசி எடுத்துத் தந்தாள். சாவி வாங்கமுன் ஒரு இன்ஸ்பெக்டரைக் கூட்டிவந்து, நாள் முழுக்கப் பார்த்து அவள் தன் கையால் எழுதிய குறைகள். பாத்ரூம் சரிவு, கொளுவாத கதவு, யன்னல், வெளிக்குழாய் பொருத்தாத விசிறி, சாய்ந்த நிலம். அத்தனையும் எங்கள் வீட்டிலும் இருந்தவை. பில்டரைக் கொண்டு அவற்றைத் திருத்துவித்த பிறகுதான் அவள் குடிவந்திருக்கிறாள்.

"உங்களையும் கூப்பிட்டனான் தானே அக்கா. லீவு இல்லை எண்டு சொன்னியள்."

லீவு இருந்தது. அவளோடு போனால் சாவியையும் ஒன்றாக வாங்கி, இரண்டு பேரும் ஒரே நாளில் பால் காய்ச்சவேண்டி வரும் என்றுதான் மறுத்தேன். பில்டரின் ஆள் நீட்டிய தாளில், குறை எதுவும் இல்லையென்று பத்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவளுடைய அதிர்ஷ்டம் என்று நினைத்துப் பொறாமைப்பட்டது எவ்வளவோ சுகமாக இருந்தது. இப்போது அந்தக் கடதாசிகளில் இருந்த அவளுடைய அழகான எழுத்தைப் பார்க்கவே எரிந்தது.

கீழே வந்து கணவரிடம் சொன்னேன். "நீர் தானே அவசரப்பட்டனீர்" என்றார்.

"நீங்களும் பக்கத்திலைதான் நிண்டனீங்கள்."

"ஓம், நிண்டனான்" என்றுவிட்டுத் துவாயைப் பிழியப் போனார்.

வீட்டுக்குப் பில்டர் தந்த உத்தரவாதம் முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. அடுத்த சனிக்கிழமை தங்கச்சி அளவுநாடாவோடு வந்தாள். அவள் அளந்தாள், நான் எழுதினேன். "சின்னது எண்டு விடாதேங்கோ, உதையும் எழுதுங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பல கடிதங்களுக்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். கதவும் யன்னலும் விசிறியும் சரியாயின. நிலத்தின் சரிவு அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

பாத்ரூமை உடைத்துக் கட்டிய பத்து நாளும் மேலேதான் குளித்தோம். ஒவ்வொரு நாளும் நன்றி சொன்னேன். அவளுடைய பாத்ரூம் சுவரில் பதித்த ஓடுகள் என்னுடையதைவிட வெள்ளையா என்றும் பார்த்தேன்.

கடைசி நாள் எங்கள் கூடத்தில் வந்து இருந்தவள் யன்னலையே பார்த்தாள். "உங்களுக்கு நல்ல வெய்யில் வருது அக்கா. எனக்குக் கூரை நீட்டி மறைக்குது" என்றாள். குரலில் ஒரு சின்னக் கீறல்.

"அப்பிடியோ?" என்று கேட்டேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.