சிலிண்டரின் மேல் ஒரு கை

எங்கள் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. கேஸ்காரர் சிலிண்டரை முனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து நான்தான் தோளில் தூக்கிக்கொண்டு வருவேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வருவார், அதன் மேல் ஒரு கையை வைத்தபடி. தூக்க மாட்டார், தூக்கவும் முடியாது. பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் சேர்ந்து தூக்குகிற மாதிரி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் திண்டிவனம் மண்டியில் நூறு கிலோ மல்லாட்டை மூட்டையை முதுகில் சுமந்து லாரியில் ஏற்றியவர் அவர். நான் அதே மண்டியில் சிந்திய கடலையைக் கூட்டி அள்ளுகிறவள். அதனால் எல்லாம் என் கண்முன்னால்தான் நடந்தது. ஒரு நாள் மண்டிக்காரர் ஆட்களைக் கூப்பிட்டு, இனிமேல் ஐம்பது கிலோ மூட்டைதான், கூலி குறையாது, உங்கள் உடம்புக்கும் நல்லது என்றார். எந்தக் கிறுக்கனாவது வேண்டாம் என்பானா? எங்கள் ஆம்பளைகள் சொன்னார்கள். முன்னால் நின்றவர் இவர்தான்.

“அம்பது கிலோவ தூக்கிக்கினு நடந்தா ஊரே சிரிக்கும். அதுக்கு தோ, பெருக்கிக்கினு நிக்கிறாளுங்களே, அவளுங்கள கூப்டுக்கோங்க” என்று எங்களைக் காட்டினார். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். மண்டிக்காரருக்கு என்ன வந்தது? சரி என்று விட்டுவிட்டார். அன்றைக்கு இவருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த அறுவடையில், லாரிப் பலகையில் மூட்டையோடு ஏறும்போது முதுகில் என்னவோ பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். விழுப்புரம் ஆஸ்பத்திரியில், இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது மண்டியில் ஐம்பது கிலோ மூட்டைதான். அன்றைக்கு அவரோடு சேர்ந்து சிரித்தவர்கள்தான் அதைத் தூக்குகிறார்கள். ஊர் ஒன்றும் சிரிக்கவில்லை. அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

போன வாரம் சிலிண்டர் வந்தது. வழக்கம்போல நான் தூக்கினேன், அவர் கை வைத்தார். எதிர்வீட்டம்மா வாசலில் நின்றுகொண்டு, “ரெண்டு பேருமா தூக்கிக்கினு வர்றீங்க?” என்று கேட்டார்.

“நான் புடிக்கலன்னா இவளால ஆவுமா?” என்றார் இவர்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அப்படியே நின்றேன்.

“கைய எடுங்க. சிலிண்டரவிட அதான் கனக்குது.”

எடுத்துவிட்டார். நான் விடுவிடுவென்று நடந்து, வீட்டுக்குள் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டம்மா பார்த்துக்கொண்டிருக்க, அவர் நடுச்சந்திலேயே நின்றிருந்தார். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.