‘போனீக’ என்பது பிழையாம்

“பத்திரிகைன்னா கல்யாணத்துக்கு அடிக்கிறது. அதுக்காவது சோறு உண்டு. நீ எழுதுறதப் பாத்து எவ வரப் போறா?” என்றாள் மதினி, பள்ளிக்கூடத்தில் பத்திரிகை நடத்தப் போகிறோம் என்று நான் சொன்ன அன்று.

அச்சுப் பத்திரிகை இல்லை, கையெழுத்துப் பத்திரிகை. எட்டாம் வகுப்புப் பெண்கள் நால்வர் சேர்ந்து கோடு போட்ட தாளில் எழுதித் தைத்தோம். கதை, விடுகதை, ஓரத்துப் பூவேலை என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். செய்தி என்னுடையது. தரம் பார்க்க வெளியூர்த் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் வருவார், அவர் நன்றென்றால் காரைக்குடி வாசகசாலை மேசையில் வைப்பார்கள் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். எங்கள் வீட்டார் யாரும் நுழைந்திராத இடம் அது. என் எழுத்தாவது உள்ளே போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

எங்கள் தெரு ஊருணியைப் பற்றி எழுதினேன். கோடையில் தண்ணீர் அடியில் கிடந்தபோது, ஒரு பெரிய வீட்டு விசேஷத்துக்காக மூன்று பீப்பாய் வண்டிகள் வந்து அள்ளிப் போனதாகக் கேள்விப்பட்டேன். குடத்தோடு நின்றவர்களில் ஒருத்தி, களையெடுக்கப் போகிறவள், வண்டிக்காரர்களை மறித்திருக்கிறாள். அவள் வாயாலேயே கேட்டு, சொன்னபடியே எழுதினேன்: “விடியுமுன்ன வந்தீக, வண்டி வண்டியா அள்ளிக்கிட்டுப் போனீக. நாங்க என்னத்தக் குடிக்கிறதுன்னு ஒரு வார்த்த கேட்டீகளா?”

பண்டிதர் வந்தார். பூவேலையைப் பாராட்டினார். நான் எழுதிய பக்கத்தில் வந்தீக, போனீக, கேட்டீகளா எல்லாவற்றின் மேலும் சிவப்பு மை. அடியில், ‘பிழை மலிந்தது. தரமில்லை.’

“போனீக என்று எந்த இலக்கணத்தில் இருக்கிறது?”

“அவுக அப்படித்தான் சொன்னாக, ஐயா.”

“இதோ, பேச்சிலும் அதே பிழை,” என்று தலைமையாசிரியையைப் பார்த்தார். பிறகு என்னிடம், “உன் வீட்டில் படித்தவர்கள் யார்?”

“நான்.”

பிழைகளுக்கெல்லாம் காரணம் கிடைத்துவிட்டதுபோலத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் பெருமையாகச் சொன்னதை அவர் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். செய்தி மெய்தானா, யாரைக் கேட்டாய், இப்போது ஊருணியில் தண்ணீர் இருக்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை. திருத்தி எழுதினால் வாசகசாலைக்குப் போகலாம் என்றார்.

திருத்தினேன். சொல்லவே கூசுகிறது. வந்தீர்கள், சென்றீர்கள், கேட்டீர்களா. சாயங்காலம் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன்.

திருத்தியதைக் கேட்டுச் சிரித்தாள். “இது ஆரு, நாடகத்துல ராசா பொஞ்சாதியா? இம்புட்டுப் பதவிசாக் கேட்டா வண்டிக்காரன் நின்னுருப்பானா?”

பழைய தாளை வாசிக்கச் சொன்னாள். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

“மூணு வண்டின்னா எழுதியிருக்க? அன்னைக்கு வந்தது ரெண்டு, தாயி. மூணாவது மறுநா வந்துச்சு. அதத் திருத்து. நாளப்பின்ன அவுக என்னையப் பொய்க்காரின்னு சொல்லப்படாது.”

முகம் எரிந்தது. வண்டிக் கணக்கை நான் அவளிடம் கேட்கவே இல்லை. தெருவில் யாரோ சொன்னதை எழுதிவிட்டேன். தரமில்லை என்று எழுத வேண்டிய இடம் அதுதான். சிவப்பு மையோடு ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்தவர் அதைத் தொடவில்லை. எழுத்தே அறியாதவள் ஒருமுறை கேட்டதும் பிடித்துவிட்டாள்.

மறுநாள் பழைய தாளையே தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். ‘மூன்று’ அடிக்கப்பட்டு ‘இரண்டு’ ஆகியிருந்தது. ‘போனீக’ அப்படியே இருந்தது.

“இதை வாசகசாலையில் வைக்க மாட்டார்கள், பெண்ணே,” என்றார்.

“தெரியும், டீச்சர்.”

அதற்குள் இன்னொரு பிரதி எழுதி, ஊருணிக்குப் போகிற வழியிலுள்ள பலசரக்குக் கடைக்காரரைக் கேட்டு, அவர் கடைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வந்திருந்தேன்.