விபூதியில் மூழ்கிய கப்பல்கள்

கடலூர்த் துறைமுகத்தில் மூட்டைகளை எண்ணிப் படகில் ஏற்றிவிடும் குமாஸ்தா உத்திராபதிக்குக் கடல் ஆகாது. கரையில் கட்டியிருக்கும் படகில் கால் வைத்தாலே குமட்டும். அப்படிப்பட்டவர்தான் பழைய கடற்போர்களின் நினைவாக அடித்த வெள்ளிப் பதக்கங்களைச் சேர்த்தார். "வீரம் நம்மகிட்ட இல்ல, பொட்டியிலயாவது இருக்கட்டும்னுதான்" என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

புதுச்சேரியில் பழைய சாமான் விற்கும் லூர்துசாமியின் கடையில் பத்து வருஷம் பொறுக்கியதில் ஆறு பதக்கங்கள் தேறின. கடலூருக்கு எதிரே இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் சுட்டுக்கொண்ட சண்டையின் பதக்கம் மட்டும் கிடைக்கவில்லை. அது சிதம்பரத்தில், மனைவி மாரியம்மாளின் அண்ணன் சுப்பராயலுவிடம் இருந்தது. வக்கீல் குமாஸ்தாவான அவருக்குக் கட்சிக்காரர் ஒருவர் கொடுத்ததாம். சொந்த ஊர்ச் சண்டை மச்சான் வீட்டு அலமாரியில் கிடக்கிறதே என்று உத்திராபதிக்குச் சோறு இறங்கவில்லை.

அறுபத்து நாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறையும் கொடுத்து அந்த ஒன்றை வாங்கிவிடுவது என்று கிளம்பினார். கிளம்புமுன், வெள்ளிக்கிழமைதோறும் குங்குமச் சிமிழோடு சேர்த்துச் செய்வதைப் போலவே, ஆறையும் விபூதி போட்டுத் தேய்த்தார்.

"போதும், கை தேஞ்சிடப் போவுது" என்றாள் மாரியம்மாள்.

"ஒங்க அண்ணன் கண்ணு கூசணும்டி."

கூசவில்லை. சுப்பராயலு பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"மாப்ள, இதுல கப்பல் எங்க?"

"அதோ, அந்த மேடு."

"வருஷம்?"

"இருந்துச்சு மச்சான்."

"எத வச்சுத் தேய்க்கிறீங்க?"

"விபூதிதான். வெள்ளிய வேற எத வச்சுத் தேய்ப்பாங்க?"

"பழசுக்கு மேல படியிற கருப்புதான் மாப்ள மதிப்பு. பத்து வருஷமா வாராவாரம் தேய்ச்சா மறுபக்கத்து ராஜா மூக்கு நிக்குமா?"

மூக்கு மட்டுமா, ராஜாவே உரித்த முட்டையாகியிருந்தார். உத்திராபதி பூதக்கண்ணாடியை வாங்கித் தானும் பார்த்தார். பிறகு, "பீரங்கிக்குத் தப்புன கப்பலயெல்லாம் நான் சாம்பலப் போட்டு முழுவடிச்சிருக்கேன். அப்பவே என்னைய எவனாவது பட்டாளத்துல சேத்திருந்தா சண்ட ஒரே வெள்ளிக்கெழமையில முடிஞ்சிருக்கும்" என்றார்.

சுப்பராயலு சிரித்த வாயோடு உள்ளே போய் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்தார். பஞ்சின் மேல் கரிய பதக்கம். மூன்று பாய்மரம், பீரங்கிப் புகை, கரையில் ஒரு பனைமரம்கூட.

"எடுத்துட்டுப் போங்க. ஒங்க ஊரு சண்ட. பதிலுக்கு ஒண்ணும் வேணாம். தேய்க்க மட்டும் கூடாது."

உத்திராபதி பிள்ளைகள்மேல் சத்தியம் செய்து வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒரே ஒரு தடவை பார்ப்போமே என்று தீப்பெட்டியைத் திறந்தார். புவனகிரியில் இறங்க எழுந்தவர் யாரோ காலை மிதித்தபோதுதான் குனிந்து பார்த்தார். வேட்டி நுனி கைக் கட்டைவிரலில் சுற்றியிருந்தது. ஒரு பாய்மரம் பளிச்சென்று வெளுத்திருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காலையில் பூசிய விபூதியைக் காணோம்.

அங்கேயே இறங்கி, சிதம்பரம் போகும் பஸ்ஸைப் பிடித்தார்.

"எதையாவது மறந்துட்டீங்களா?" என்று சுப்பராயலு கதவைத் திறந்தார்.

"நீங்களே வச்சுக்குங்க மச்சான். புவனகிரி போறதுக்குள்ள ஒரு பாய்மரம் போச்சு. வீடு போய்ச் சேர்ந்தா கடலே மிஞ்சாது. மாசம் ஒருக்கா வர்றேன், தொறந்து காட்டுங்க. கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

சுப்பராயலு பதக்கத்தை உள்ளே வைத்து அலமாரியைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

அடுத்த மாதம் உத்திராபதி சொன்னபடி வந்தார். மாரியம்மாளும் கூடவே வந்தாள், கையைப் பிடித்துக்கொள்ள.